புதுப்பிப்பு: திருகோணமலை டவுனில் இருந்து நிலாவெளிக்குக் குடிபெயர்வது

டவுன் வாடகையை விட்டு நிலாவெளியில் 20 பேர்ச்சஸ் வளவோடு வீடு எடுக்கலாமா என்று பங்குனியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. முடிவு: நிலாவெளி இல்லை, உப்புவெளி.

தீர்மானிக்க உதவியது, "ஆவணியில் போய்க் கிணற்றை இறைத்துப் பாருங்கள்" என்று இங்கே ஒரு அண்ணன் எழுதிய யோசனைதான். மாரியில் எந்தக் கிணறும் இனிக்கும். அந்த நிலாவெளி வீட்டுக் கிணற்று நீரை டீ.டி.எஸ் மீற்றரால் (நீரில் கரைந்துள்ள உப்புகள் போன்றவற்றை அளப்பது) முதலில் அளந்தபோது லீற்றருக்கு 460 மில்லிகிராம். மோட்டரை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்ட பிறகு 1,180. குடிநீருக்கு இலங்கை நியமம் 500. கரையோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஆழமாக வெட்டினால் இன்னும் மோசம். அந்த வீட்டுக்குக் குழாய்நீரும் இல்லை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 28 அடிதான். 50 அடியாவது வேண்டும்.

எதிர்பாராதது பள்ளிக்கூட விஷயம். முதலாம் தரத்துக்கு வதிவிட அடிப்படையில் விண்ணப்பித்தால் முந்தைய வருட வாக்காளர் இடாப்புகளையும் பார்ப்பார்கள். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவு. உப்புவெளியோ டவுன் இருக்கிற "பட்டினமும் சூழலும்" பிரிவுக்குள்ளேயே வரும். பிள்ளைக்கு மூன்று வயது ஆகுமுன்னரே இதை யோசியுங்கள்.

வாங்குகிறவர்கள் காணிக்கு உறுதி (சொந்த உரிமைப் பத்திரம்) இருக்கிறதா, அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் மட்டும்தானா என்று முதலில் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது.