ஹார்லோவின் மார்க் ஹால்: பழைய வரைபடம் பொருந்த மாட்டேன் என்கிறது

இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ஹார்லோவில் மார்க் ஹால் என்றொரு மாளிகை இருந்தது. 1947-இல் தீயில் போய்விட்டது. அதே வருடம்தான் ஹார்லோவைப் புதுநகரமாக அறிவித்தார்கள். குதிரை லாயம் தப்பியது, இன்று அதுதான் ஊர் அருங்காட்சியகம்.

ஊர்ச் சிற்பங்களுக்கு ஒரு வரைபடம் தயாரிக்கிறேன். சிற்பி ஹென்றி மூரின் குடும்பச் சிற்பத்தை 1956-இல் முதலில் வைத்தது இந்த மாளிகையின் பழைய நிலத்தை ஒட்டி, லாட்டன் செயின்ட் மேரி தேவாலயத்தருகே. (குழந்தையின் தலையை யாரோ உடைத்தார்கள். இப்போது அது நகராட்சிக் கட்டடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.) அதனால் மாளிகையின் இடமும் துல்லியமாக வேண்டும்.

கையில் இருப்பது ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வெளியிட்ட பழைய வரைபடத் தாளின் ஸ்கேன், மைலுக்கு 25 அங்குல அளவில் வரைந்தது, ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்திலிருந்து எடுத்தது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துகிறேன். தேவாலயக் கோபுரத்தைச் சரியாக வைத்தால் லாயம் விலகுகிறது. லாயத்தைப் பிடித்தால் கோபுரம் நகர்கிறது. மென்பொருளில் உள்ள பொருத்தும் முறைகளில் ஹெல்மெர்ட், பாலினாமியல் 1 இரண்டும் பார்த்தாயிற்று. பாலினாமியல் 2 போட்டால் தாளே வளைகிறது. புதுநகரச் சாலைகள் பழைய தடங்களை அழித்துவிட்டதால், இரண்டு வரைபடங்களிலும் இருக்கும் பொதுப் புள்ளிகளும் அதிகம் கிடைக்கவில்லை. அந்தக் காலத் தாள்கள் கசினி முறையில் (உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்டும் ஒரு முறை) வரைந்தவை, நான் பொருத்துவது இன்றைய வரைபடங்கள் பயன்படுத்தும் பிரிட்டிஷ் தேசியக் கட்டத்தில். சிக்கல் இங்கேதான் என்று சந்தேகம்.

முதலில் கசினிக்கு ஏற்ற ஆயமுறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) அமைத்துவிட்டு, பிறகு தேசியக் கட்டத்துக்கு மாற்ற வேண்டுமா?