கப்பலில் விற்கிற டூரை வாங்கணுமா, நாமே இறங்கிச் சுற்றலாமா? (சிங்கப்பூர் – போர்ட் கிள்ளான் – பினாங்கு – புக்கெட்)

எல்லீஸ்நகர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு சிங்கப்பூரில் இருக்கிற தம்பி எங்கள் ஆறு பேருக்கும் (அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள்) ஐந்து இரவு கப்பல் பயணம் போட்டுக் கொடுத்திருக்கிறான். மதுரையிலிருந்து நேரே சிங்கப்பூர் விமானம், அங்கே கப்பல் ஏறி போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் அவன் கணக்கு. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இறங்கிச் சுற்றிப் பார்க்கக் கப்பல்காரர்கள் விற்கிற டூர் தனிக் காசு. நேற்று ராத்திரி பட்டியலைத் திறந்து பார்த்தேன், தலைக்கு 60 டாலரிலிருந்து 100 டாலர் வரை போகிறது. ஆறு பேர், மூன்று ஊர் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். இதையும் தம்பி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

டூர் எடுக்காமல் நாமே இறங்கிப் போனால் விடுவார்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. லேட்டாகி கப்பலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் பெரிசு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தாராளமாக விடுவார்கள் அக்கா. கப்பல் நின்றதும் ரூம் கார்டை வாசலில் காட்டி ஸ்கேன் செய்துவிட்டு இறங்க வேண்டியதுதான், டூர் வாங்கினாயா என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் போன வருஷம் நான்கு பேர் போனோம். பினாங்கில் ஒரு டூரும் எடுக்கவில்லை, போர்ட் கிள்ளானில் மட்டும் எடுத்தோம்.

மூன்று ஊரையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள், கப்பல் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்கிற படகுத்துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் ஒரு மணிக்கூண்டு தெரியும், விக்டோரியா ராணியின் 60 வருஷ ஆட்சிக்காகக் கட்டியது, அதனால் உயரமும் 60 அடி. அங்கிருந்து லிட்டில் இந்தியா பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை, நம்ம பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மீனாட்சி கோயிலுக்கு நடக்கிற மாதிரி. அந்தத் தூரத்துக்குத் தலைக்கு 70 டாலர் கொடுத்து ஏசி பஸ்ஸில் ஏற எனக்குக் கை வரவில்லை.

போர்ட் கிள்ளான் அப்படி இல்லை. பெரிய கப்பல்கள் நிற்கிற இடம் ஒரு தீவில், சுற்றிலும் கன்டெய்னர்தான். கோலாலம்பூர் நாற்பது ஐம்பது கிலோமீட்டர், பத்துமலை அதையும் தாண்டி. டிராபிக்கில் மாட்டினால் போகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கே வருவதில்லை. பட்டோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள். அதற்கு டோக்கன் உண்டு, டூர் வாங்கியவர்களைத்தான் முதலில் விடுவார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஆனால் படகை விட்டு இறங்கினால் காலடியிலேயே கடற்கரை.

அப்புறம் விசா. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. தாய்லாந்து விதி அடிக்கடி மாறும், புறப்படும் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விசாதான் முக்கியம், திரும்பவும் அங்கேயே வந்து இறங்குவதால் மல்டிபிள் என்ட்ரி இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

சிம்மக்கல் சிவா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் டூரில் போய் பஸ் லேட்டானால் கப்பல் நமக்காக நிற்கும், இல்லையென்றால் அடுத்த ஊருக்கு அவர்கள் செலவில் கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போய் லேட்டானால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், விமான டிக்கெட் நம் கையிலிருந்துதான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பினாங்கில் மலை ரயில் ஏறப் போனோம். அன்றைக்கு அங்கே விடுமுறை என்று எங்களுக்குத் தெரியாது. ஏறும்போது வரிசை பரவாயில்லை, இறங்க வந்தால் மேலே ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஆட்கள் நிற்கிறார்கள், மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை, நிமிஷத்துக்கு ஒரு தடவை வேட்டி மடிப்பிலிருந்து ரூம் கார்டை எடுத்துப் பார்த்து மறுபடி செருகிக்கொண்டே இருந்தார். கடைசி ஆள் ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னாலேயே ஏணிப்பலகையை எடுக்க ஆள் வந்துவிட்டது.

அதனால் வயசானவர்களோடு போகிறவர்கள் தூரம் போகிற ஊரில் ஒன்றாவது கப்பல் டூர் வாங்குங்கள் என்பேன். போர்ட் கிள்ளானுக்கு அது சரி. புக்கெட்டில் பீ பீ தீவுக்குப் போக ஆசை இருந்தாலும் தனியாக வேண்டவே வேண்டாம், படகில் மட்டும் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஒரு பக்கத்துக்கே ஆகும்.

மேலக்கோபுரம்:

அக்கா, நான் மீனாட்சி கோயில் பக்கம் இருபது வருஷமாக கைடு வேலை பார்க்கிறவன். கப்பல் ஏறியதில்லை, ஆனால் பஸ்ஸில் கூட்டமாக வருகிற வெளிநாட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்கு ஒரு மணி நேரம், கடைக்கு முக்கால் மணி நேரம் என்று அவர்கள் புரோகிராம் முன்பே எழுதியிருக்கும். கம்பளக் கடை, கல் கடை என்று கூட்டிப் போகிற இடத்தில் யாருக்குப் பங்கு போகிறது என்பது இங்கே தொழில் பண்ணுகிற எல்லாருக்கும் தெரியும். ஆயிரங்கால் மண்டபத்தில் ஒருவர் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து கொடியை ஆட்டிக் கூப்பிட்டுவிடுவார்கள், பாவமாக இருக்கும். இரண்டு பேராகத் தனியாக வருகிறவர்கள் அதே தூணுக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். கேட் வாசலிலேயே "சார், டாக்ஸி" என்று வருகிறவரிடம் முதல் வார்த்தையிலேயே பேசி முடிக்காதீர்கள். இருநூறு அடி தள்ளி நடந்தாலே ரேட் இறங்கும். எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டு வாசல் ஆட்டோவுக்கும் அடுத்த தெரு ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பினாங்கு பேத்தி:

எங்கள் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து பினாங்கு போனவர், நான் பிறந்தது அங்கே, இப்போது இருப்பது திருமங்கலத்தில். அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்களே, அதற்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன்.

காலையில் இறங்கியதும் வெயிலுக்கு முன்னால் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுங்கள். 1833-இல் கட்டியது. சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, பாட்டுச் சத்தம், அம்மாவுக்குக் கீழமாசி வீதியில் நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாருக்கும் தமிழ் தெரியும், வழி கேட்கத் தயங்க வேண்டாம். அங்கேயே இட்லி, தோசை சாப்பிட்டுவிட்டு கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் வரை நடங்கள், நம்ம பக்கத்து மரைக்காயர்கள் சம்பந்தப்பட்ட இடம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் நாசி கண்டார் கட்டாயம், காவடி மாதிரி கம்பில் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்றதில் ஆரம்பித்தது அது.

நடக்க முடியாதபோது 'கேட்' (CAT) என்று பெயர் போட்ட ஒரு இலவச பஸ் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே சுற்றுகிறது. மற்ற பஸ்ஸில் டிரைவர் சில்லறை தர மாட்டார், ஒரு ரிங்கிட் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் என்பதால் கிராப் செயலியில் பெரிய வண்டி போட்டால் பஸ் காசுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறு படிக்கு மேல். அம்மா ஏற வேண்டாம். கீழேயே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தேக்குத் தூணோடு காரைக்குடி வீடு மாதிரி. நீங்கள் பிள்ளைகளோடு மேலே போய் வருகிற வரை அம்மா அங்கே நிழலில் உட்காரட்டும். மலை ரயிலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், சிவா அண்ணன் சொன்னது சரி.

வைகைக்கரை:

ஒன்றை விட்டுவிட்டேன், இதுதான் ரொம்ப முக்கியம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கி நெட் பிடித்ததும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். எங்கள் கப்பலில் ஐந்து மணிக்கு ஏற வேண்டும் என்று போட்டிருந்தான், போனை நம்பியிருந்தால் அது நாலு என்று காட்டும்போதே கப்பலில் ஐந்து ஆகிவிட்டிருக்கும்! நல்லவேளையாக அப்பா கையில் பழைய எச்எம்டி வாட்ச் இருந்தது, அதை அவர் மாற்றவே இல்லை. கப்பல் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புங்கள். ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள், மிச்ச நேரத்தைப் பக்கத்திலேயே சுற்றலாம்.

நடுக்கடலில் போனை பிளைட் மோடில் போட மறக்காதீர்கள். கப்பலின் நெட்வொர்க்கில் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் டூரில் மிச்சம் பிடித்தது பில்லில் போய்விடும்.

எல்லீஸ்நகர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். போர்ட் கிள்ளானில் அப்பா பத்துமலை பார்த்தே ஆகணும் என்கிறார், அதனால் அங்கே மட்டும் கப்பல் டூர், அதுவும் அப்பா, அம்மா, பெரியவன் மூன்று பேருக்கு. 272 படியையும் அப்பாவும் பெரியவனும் ஏறட்டும், அம்மா கீழே நின்று முருகன் சிலையைப் பார்த்தால் போதும் என்கிறாள். நாங்கள் மூன்று பேர் கப்பலிலேயே இருந்துகொள்கிறோம், சின்னவளுக்கு அங்கே நீச்சல் குளத்தை விட்டு இறங்க மனசு வராது. பினாங்கு முழுக்க நாங்களே. புக்கெட்டில் பட்டோங் கடற்கரையோடு சரி, சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரில் கால் வைக்கப் போவதில்லை.

அப்பாவிடமும் ஒரு எச்எம்டி இருக்கிறது, மில்லில் இருபத்தைந்து வருஷம் முடித்தபோது கொடுத்தது. ஓடாமல் பீரோவில் கிடந்தது. இன்றைக்குக் காலையில் டவுன்ஹால் ரோட்டில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பினாங்கு பேத்தி, தண்டாயுதபாணி கோயிலில் மதியம் நடை சாத்துவார்களா? அம்மா அதைத்தான் முதலில் கேட்கிறாள்.

பினாங்கு பேத்தி:

மதியம் நம்ம ஊர் மாதிரிதான் அக்கா, காலையிலேயே போய்விடுங்கள். நான் முன்னால் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் தண்ணீர்மலை, திரும்பி வந்து மாரியம்மன், அப்புறம் சாப்பாடு. சாப்பாட்டுக் கடையிலிருந்து கப்பலுக்கு நடந்தே போய்விடலாம்.