யார் எந்த ஃபைலை எடுத்துப் போகிறார்கள் என்று விண்டோஸிலேயே பார்க்க முடியுமா?

கோட்டோவியம்:
அலுவலகத்தில் ஆறு கணினிகள், எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ. வரைபட ஃபைல்கள் ஒரு கணினியில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கின்றன. யார் எதை பென்டிரைவில் ஏற்றுகிறார்கள், இணையத்திலிருந்து எதை இறக்குகிறார்கள் என்று தெரியவேண்டும். விசாரித்தால் திரையையே படம் பிடிக்கும் மென்பொருள்களைத்தான் காட்டுகிறார்கள். அவ்வளவு வேவு எனக்கு வேண்டாம்.

லாக்புக்:
விண்டோஸே போதும். ஆனால் அதன் பதிவேட்டில் ‘காப்பி’ என்று ஒரு வரி கிடையாது. ஓரிடத்தில் படிக்கிறது, இன்னோரிடத்தில் எழுதுகிறது, அவ்வளவுதான். ஃபைலைச் சும்மா திறந்து பார்த்தவரும் படித்தவராகத்தான் தெரிவார். அதனால் எழுதும் பக்கத்தைக் கவனியுங்கள்.

லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அட்வான்ஸ்டு ஆடிட் பகுதிக்குப் போய் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ்’ ஆடிட்டை, அதாவது பென்டிரைவ் போன்றவற்றில் யார் என்ன செய்தார் என்று பதியும் வசதியை, ஒவ்வொரு கணினியிலும் ஆன் செய்யுங்கள். பென்டிரைவில் நடப்பது செக்யூரிட்டி லாகில், அதாவது விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில், 4663 என்ற எண்ணோடு விழும். பயனர், ஃபைல், எந்த புரோகிராம் என எல்லாம் இருக்கும்.

ஷேர் ஃபோல்டருக்கு ‘ஃபைல் சிஸ்டம்’ ஆடிட். கூடவே அந்த ஃபோல்டரின் ஆடிட்டிங் டேபில் யாரைக் கவனிப்பது என்றும் சேர்க்கவேண்டும். இதை விட்டுவிட்டு ‘லாக் காலியாக இருக்கிறதே’ என்று வருபவர்கள்தான் அதிகம். ஆர்வக்கோளாறில் சி டிரைவ் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். செக்யூரிட்டி லாக் இயல்பாக 20 எம்பிதான். நிரம்பியதும் பழையது அழியும். முதலில் அந்த அளவைக் கூட்டுங்கள்.

டவுன்லோடுக்கு சிஸ்மான் போடுங்கள். கணினியில் நடப்பதைப் பதியும் மைக்ரோசாஃப்ட் கருவி, இலவசம். பிரவுசர் இறக்கும் ஃபைலோடு அது வந்த முகவரியையும் விண்டோஸ் பெரும்பாலும் ஒட்டிவைக்கும். சிஸ்மானின் அமைப்பில் 15ஆம் எண் பதிவை ஆன் செய்தால் அது அதைப் பிடித்துக்கொள்ளும். பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தாலும் இது போகாது.

நடுச்சாமம்:
ஒரு திருத்தம். ஷேர் ஃபோல்டரை இன்னொரு கணினியிலிருந்து திறந்தால், ஃபோல்டர் உள்ள கணினியின் 4663இல், திறந்தவர் கணினியில் எந்த புரோகிராம் திறந்தது என்று வராது. ‘டீடெய்ல்டு ஃபைல் ஷேர்’ ஆடிட்டையும் போட்டால் 5145 பதிவில் ஐபி முகவரி கிடைக்கும். எந்தக் கணினி என்பது அதில் தெரிந்துவிடும்.

லாக்புக்:
சரிதான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டோவியம்:
பென்டிரைவ் பதிவு விழுகிறது, நன்றி. கேபிளில் போனைச் செருகி ஃபைலை ஏற்றினால்? மெயிலில் இணைத்தால்?

லாக்புக்:
போன் பெரும்பாலும் டிரைவாக ஏறாது, எம்டிபி என்ற வேறொரு ஃபைல் பரிமாற்ற முறையில் பேசும். இந்த ஆடிட்டுக்கு அது தெரியாது. விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில் ‘டபிள்யூபிடி டிவைசஸ்’ (போன் போன்ற கையடக்கக் கருவிகள்) எழுதும் உரிமையைத் தடுத்துவிடுவதே மேல். மெயில், கிளவுட் விஷயத்தில் பிரவுசர் அந்த ஃபைலைப் படித்தது வரைதான் தெரியும், அதுவும் ஃபைல் அந்தக் கணினியிலேயே இருந்தால். எங்கே அனுப்பினார்கள் என்பது இதில் கிடைக்காது.

அப்புறம், பதிவு ஓடுகிறது என்று எல்லாரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்வது பல நாடுகளில் சட்டச் சிக்கல்.