திருத்த வேலைக்குப் பின் பழுதாகத் தெரியும் ஓக் மரத்தளம்: இன்னொரு பூச்சு போதுமா, மீண்டும் தேய்க்க வேண்டுமா?

ஸ்காபரோவாசி எழுதியது:

வணக்கம். ஸ்காபரோவில் 1950களில் கட்டப்பட்ட ஒரு பங்களோ வீட்டை வாங்கி, குடிவருவதற்கு முன் திருத்த வேலை செய்வித்தோம். குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய சிவப்பு ஓக் பலகைகளைப் பழையவற்றோடு கோத்து, முழுத் தளத்தையும் தேய்த்து, கடும் வால்நட் நிறம் கொடுத்து, அதன்மேல் நீர் சார்ந்த பொலியூரித்தேன் பூசித் தருவது என்பதே ஒப்பந்தம். பலகைகள் இரண்டேகால் அங்குல அகலமானவை. ரொறன்ரோவின் பழைய வீடுகளில் காப்பெட்டைக் கிளப்பினால் வழக்கமாகக் காணப்படும் அதே வகை.

வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் சுவரோரமாக ஏறத்தாழ ஓர் அடி அகலத்துக்கு, படத்துக்குச் சட்டம் போட்டதுபோல, தளம் கறுத்துத் தெரிகிறது. குனிந்து பார்த்தால் அந்தப் பகுதியில் வட்டவட்டமான கீறல்கள் இருக்கின்றன. பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக மாலை வெயில் சாய்வாக விழும்போது, பலகைகளுக்குக் குறுக்கே சம இடைவெளியில் அலைகள் தெரிகின்றன. குசினி வாசலில், பெயின்ட் வேலைக்காரர் ஒட்டியிருந்த நாடாவை உரித்தபோது பூச்சும் சேர்ந்து வந்து, வெறும் மரம் தெரிகிறது. இவை தவிர அங்கங்கே தூசித் துணிக்கைகளும் சிறு குமிழிகளும் உண்டு. புதிய பலகைகள் பழையவற்றைவிடச் சற்று வெளிறியிருக்கின்றன.

ஒப்பந்தக்காரர், இன்னொரு பூச்சுப் பூசினால் எல்லாம் மறைந்துவிடும் என்று சொல்லி, மீதிப் பணத்தைக் கேட்கிறார். இதற்கு நாங்கள் சம்மதிக்கலாமா? முழுவதையும் மீண்டும் தேய்க்கச் சொன்னால் எழுபது வயதான அந்த மரம் தாங்குமா? தெரிந்தவர்கள் அறியத்தாருங்கள்.

மரவேலையாள் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் நெடுங்காலம் தரைவேலை செய்தவன். அந்தப் பூச்சுக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் சில மரத்திலேயே இருக்கின்றன, ஒன்று நிறத்துக்கும் பூச்சுக்கும் இடையில் இருக்கிறது, தூசியும் குமிழியும் மாத்திரமே பூச்சின் மேற்பரப்பில் இருக்கின்றன. மேலும் ஒரு பூச்சு சரிசெய்யக்கூடியது இந்தக் கடைசியானதை மட்டும்தான். மரத்தில் உள்ள கீறலின்மேல் தெளிந்த பூச்சு ஏற ஏற, மினுமினுப்புக் கூடி, கீறல் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

சுவரோரக் கறுப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். அறையின் நடுப்பகுதியைப் பெரிய உருளை இயந்திரமான டிரம் சான்டரால் தேய்ப்போம். அது சுவர்வரை போகாது என்பதால், ஓரங்களை எட்ஜர் எனப்படும் வட்டமாகச் சுழலும் சிறிய இயந்திரத்தால் தேய்ப்போம். இரண்டிலும் 36 கிரிட் (சான்ட் பேப்பரின் கரடைக் குறிக்கும் எண்) அளவில் தொடங்கி, 60, 80, 100 என்று படிப்படியாக நுணுக்கமான சான்ட் பேப்பருக்குப் போகவேண்டும். ஒரு படியைத் தாண்டிவிட்டால், முந்திய கரடுமுரடான பேப்பரின் கீறலை அடுத்தது அழிக்காது. கரடான கீறலுக்குள் நிறம் கூடுதலாக இறங்கும். ஆகவே ஓரம் கறுத்து, அங்கே வட்டக் கீறலும் இருந்தால், எட்ஜர் வேலை கரடான பேப்பரோடு நிறுத்தப்பட்டிருக்கிறது என்றே நான் கொள்வேன். இயற்கை நிறத்தில் விட்டிருந்தால் பலருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. கடும் வால்நட் நிறம் எதையும் மறைத்துக் கொடுக்காது.

குறுக்கே தெரியும் அலைகள் உருளை இயந்திரத்தின் அதிர்வால் ஏற்படுபவை. தேய்ந்த சக்கரம், சீராகப் பொருத்தப்படாத பேப்பர், பேப்பரின் ஒட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். சம இடைவெளியில் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் பள்ளமாக இருந்தால், இயந்திரம் நகராமல் நின்றபோது உருளை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அலைகளை எடுக்க, பலகையின் நீளப்போக்குக்குச் சற்றுச் சாய்வாக மீண்டும் தேய்த்து, பிறகு நேராகத் தேய்த்து வரவேண்டும். வேறு வழி கிடையாது.

உரிந்துவருவதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. கடும் நிறங்களில் வண்ணப்பொடி அதிகம். ஓக் மரத்தின் நுண்துளைகளுக்குள் அது தேங்கி நின்று மெதுவாகவே காயும். எண்ணெய் சார்ந்த நிறம் முழுதாகக் காயுமுன் அதன்மேல் நீர் சார்ந்த பூச்சை ஏற்றினால், பிடிப்பு இருக்காது. ஆனால் ஒப்பந்தக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கலாம்: புதுப் பூச்சு முழுதாக இறுகுமுன் அதன்மேல் நாடா ஒட்டக்கூடாது. ஆகையால், பூச்சு தயாரித்த நிறுவனம் சொல்லும் இறுகும் காலம் கழிந்த பின், அலுமாரிக்கு உட்பக்கம் போன்ற மறைவிடத்தில், கூரிய பிளேட்டால் சிறு கட்டங்களாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, பலமான நாடாவை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் எடுத்துப் பாருங்கள். பூச்சுத் துண்டுகள் நாடாவோடு வந்தால், அவற்றின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அடியில் நிறம் ஒட்டியிருந்தால் குற்றம் நிறம் காயாததில் இருக்கிறது. பூச்சிலிருந்து பூச்சு மட்டும் கழன்றால், இரண்டு பூச்சுகளுக்கு இடையில் மெல்லத் தேய்த்துக் கரடாக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவது நிலைமைக்கு மேற்பூச்சை மட்டும் அகற்றிவிட்டு மீண்டும் பூசலாம். முதலாவதற்கு மரம் வரை போகவேண்டும்.

மிசிசாகா வாசகர் எழுதியது:

மேலே அண்ணா சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு. எதைக் குறை என்று எழுத்தில் வைப்பது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். வட அமெரிக்காவின் மரத்தளத் தொழில் அமைப்பான என்.டபிள்யூ.எஃப்.ஏ.யின் வழிகாட்டலின்படி, முடிந்த தளத்தை நின்ற நிலையில், அறையின் வழக்கமான வெளிச்சத்தில் பார்த்தே மதிப்பிட வேண்டும். பெரிய யன்னலிலிருந்து சாய்ந்து விழும் கூசொளி, எந்தச் சிறு மேடுபள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து வேலையை நிராகரிப்பதை அவர்கள் ஏற்பதில்லை. வீட்டில் வைத்துப் பூசப்படும் தளம், தொழிற்கூடத்தில் முடிக்கப்பட்ட மேசையைப் போல வராது என்பதும் அவர்களது நிலைப்பாடு. எனவே மாலை வெயில் அலைகளை முதற் புகாராக வைத்தால், நீங்கள் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பதாக ஒப்பந்தக்காரர் சொல்ல இடமுண்டு. நின்று பார்த்தாலே தெரியும் ஓரக் கறுப்பையும் உரிதலையும் முன்னால் வையுங்கள். புதிய பலகையின் வெளிறலை நான் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். ஒரே சிவப்பு ஓக் ஆனாலும் மரத்துக்கு மரம் நிறத்தை உறிஞ்சும் அளவு மாறும்.

மரம் தாங்குமா என்று கேட்டீர்கள். அதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். தரையில் உள்ள வெப்பக்காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றினால், வெட்டப்பட்ட பலகையின் விளிம்பு தெரியும். பலகை முக்கால் அங்குலத் தடிப்பில் செய்யப்பட்டது. அதில் பக்கத்துப் பலகையோடு கோக்கும் நாக்குக்கு மேலே உள்ள பகுதிதான் தேய்ப்புக்குக் கிடைப்பது. புதிதில் அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் இருக்கும். முறையான ஒரு முழுத் தேய்ப்பு, சுமார் 0.8 மில்லிமீற்றரை எடுத்துவிடும். மேற்பரப்பில் ஆணித்தலை தெரிய ஆரம்பித்தாலோ, பலகையின் பொருத்தோரம் மெலிந்து சிம்பாகக் கிளம்பினாலோ, அந்தத் தளத்தை இனித் தேய்க்க முடியாது. எப்படிப் பார்த்தாலும், உங்கள் கையில் இருக்கும் தேய்ப்புகள் எண்ணிக்கையில் சில மட்டுமே. அடுத்ததை அரைகுறையாகச் செய்ய விடாதீர்கள்.

வன்னிமகள் எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிணக்கு எழுந்து, நீதிமன்றம் போகாமலே தீர்ந்தது. பணம் சம்பந்தமாக அறிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்துதரப்படும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்ற உத்தரவாதம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு உண்டு. தரைவேலையைத் துணை ஒப்பந்தக்காரர் செய்திருந்தாலும், உங்களோடு கையெழுத்திட்ட பிரதான ஒப்பந்தக்காரரே பொறுப்பு. அவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டுவதற்குள் நீங்கள் அகப்பட வேண்டாம். அதேவேளை கட்டுமானச் சட்டத்தில் 10 சதவீதப் பிடிப்புப் பணம் என்று ஒன்றிருக்கிறது. அதைப் பலர் குறைபாட்டுக்கான தண்டமாக நினைக்கிறார்கள், அது அப்படியல்ல. துணை ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால் அவர் உங்கள் வீட்டின்மீது உரிமைக்கோரல் பதியக்கூடும் என்பதற்காக, அதற்குரிய 60 நாள் காலம் கழியும்வரை வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கவேண்டும் என்பதே சட்டம். அதற்கு மேலாக எவ்வளவை நிறுத்திவைக்கலாம் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. முழுத் தொகையையும் கோபத்தில் நிறுத்திவிட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடலாம்.

தொலைபேசியில் பேசியவற்றையெல்லாம் மின்னஞ்சலில் திரும்ப எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு குறைக்கும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படமும், அறை முழுதும் தெரியும் படமும் வேண்டும். திருத்துவதற்கு ஒப்பந்தக்காரருக்கு நியாயமான ஒரு வாய்ப்பையும் தவணையையும் எழுத்தில் கொடுங்கள். பிறகு வேறொருவரை வைத்துத் திருத்தி அந்தச் செலவைக் கோரினாலும், நீதவான் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஒப்பந்தக்காரர் மறுத்தால், சான்றிதழ் பெற்ற சுயாதீன மரத்தளப் பரிசோதகரின் அறிக்கை பெரிதும் உதவும். எங்கள் பிணக்கைத் தீர்த்தது அப்படியோர் அறிக்கைதான். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்ரோபர் முதல் 50,000 டொலர். குறை தெரியவந்ததிலிருந்து பொதுவாக இரண்டு வருடங்களுக்குள் வழக்குப் பதியவேண்டும்.

ஸ்காபரோவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அலுமாரிக்குள் நாடாச் சோதனை செய்து பார்த்தோம். பூச்சு தகடு தகடாக வந்தது. அதன் அடிப்பக்கம் முழுவதும் கபில நிறம் படிந்திருந்தது. வெப்பக்காற்றுத் துவாரத்தில் அளந்தபோது, நாக்குக்கு மேலே நல்ல 5 மில்லிமீற்றர் மரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரரை வரவழைத்து, அவர் முன்னிலையில் சோதனையை இன்னொரு தடவை செய்து காட்டிய பின், முழுவதையும் மீண்டும் தேய்த்துத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். புதிய குசினி அலுமாரிகள் இப்போது பொருத்தப்பட்டுவிட்டன. இந்த முறை நாங்கள் எதையெல்லாம் வலியுறுத்த வேண்டும்?

மரவேலையாள் எழுதியது:

நல்ல செய்தி தம்பி. 5 மில்லிமீற்றர் தாராளமாகப் போதும்.

முதலில், நிறத்தை மறுபடியும் யோசியுங்கள். கடும் நிறமே வேண்டுமென்றால், கடைசித் தேய்ப்புக்குப் பின், ஓரமும் நடுவும் ஒன்றாகும்படி பஃபர் எனப்படும், அகன்ற வட்டத் தட்டுச் சுழலும் இயந்திரத்தால் முழுத் தளத்தையும் ஒரே கிரிட்டில் இணைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அதன்பின் சுத்தமான நீரால் தளத்தைச் சீராக நனைத்துக் காயவிட்டால், மரநார் விரிந்து நிறத்தை எங்கும் ஒரே அளவில் ஏற்கும். நனைத்த பிறகு அதன்மேல் நடந்தால் கால் பட்ட இடம் தனியாகத் தெரியும் என்பதால், நிறம் போடும்வரை ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். இப்படி நனைத்த மரம் நிறத்தைக் கூடுதலாகக் குடிக்கும்; காய்வதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். சென்ற தடவை தவறியது இந்த இடத்தில்தான். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியில் நிறம் ஒட்டவில்லை என்பதை நீங்களே பார்த்த பின்னரே முதற்பூச்சு ஏறவேண்டும். அந்த நாட்களில் வீட்டின் வெப்பநிலையும் ஈரப்பதமும் நீங்கள் வழக்கமாக வாழும் நிலையில் இருக்கட்டும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

நிறத்தையும் பூச்சையும் முதலில் தேய்த்து முடித்த தளத்திலேயே, சுவரோரத்தையும் நடுவையும் சேர்த்து, ஒரு சிறு பகுதியில் மாதிரியாகப் போட்டுக் காட்டச் சொல்லி, ஒப்புதலைக் கையெழுத்தோடு கொடுங்கள். தனிப் பலகைத் துண்டில் காட்டும் மாதிரியை நான் நம்பமாட்டேன். அதில் எட்ஜர் ஓடியிருக்காது.

அலுமாரிகளின் முகப்பையும் அடிப்பட்டியையும் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி, அடிப்பட்டி கழற்றக்கூடியதென்றால் கழற்றியே விடுங்கள். அதன் கீழ் எட்ஜர் முழுதாக நுழையாத மூலைகளைக் கைச்சுரண்டியால் சுரண்டி எடுக்கவேண்டும். இதையும் எழுத்தில் சேருங்கள், ஏனென்றால் அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுவே.

எண்ணெய் சார்ந்த நிறம் துடைத்த துணிகளைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். அவை காயும்போது தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகத் தகரத்தில் அவற்றை அமிழ்த்தி, அன்றன்றே வெளியே எடுத்துச் செல்லவேண்டும். பூச்சு முடிந்து தளம் முழுதாக இறுகும்வரை கம்பளமும் விரிக்கக்கூடாது, நாடாவும் ஒட்டக்கூடாது; பெயின்ட் வேலையில் மிச்சம் இருந்தால், தேய்ப்புத் தொடங்குமுன் அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.