குழந்தைக்கு ஐடிபி: எப்போது சரியாகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. அடிபடாமலேயே கால்களில் நீலத் தடங்கள் தோன்றுவதும் மறைவதுமாகப் பல வாரங்கள் சென்ற பிறகு ரத்தப் பரிசோதனை செய்தபோது, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை 28,000 என வந்தது. ஐடிபி (உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே பிளேட்லெட்டுகளை அழிக்கும் நோய்) என்று கூறிய மருத்துவர், வேறு ரத்தக்கசிவு இல்லாததால் மருந்தின்றிக் கண்காணிக்கலாம் என்றார். அதற்கு முன் காய்ச்சலோ சளியோ வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். என் மகளுக்கும் அப்படித்தானா என்று இப்போதே அறிய வழி உண்டா? உடனே சிகிச்சை தொடங்கினால் நோய் நாள்படுவதைத் தடுக்கலாமா?

மறுமொழி 1 (குழந்தைகள் ரத்தநோய் மருத்துவர்)

ஐடிபி வரும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது. பன்னிரண்டு மாதங்களைத் தாண்டினால்தான் அதை நாள்பட்டது என்கிறோம்; 2009-க்கு முந்தைய கட்டுரைகளில் ஆறு மாதமே எல்லையாக இருந்ததால், பழைய சதவீதங்களைப் படித்து அஞ்ச வேண்டாம்.

பெற்றோரைக் கலங்கடிக்கும் அறிகுறிகளே பல நேரங்களில் விரைவான குணத்துக்கு அடையாளமாக அமைகின்றன. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் ஒரே இரவில் உடலெங்கும், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோன்றி, வாயிலும் ரத்தம் கசிந்து, எண்ணிக்கை மிகவும் தாழ்ந்து வரும் சிறு குழந்தை பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். மெதுவான தொடக்கம், கூடுதல் வயது, பெண் குழந்தை, முன்தொற்று இல்லாமை, தொடக்கத்தில் 20,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கை, ஏஎன்ஏ (உடலின் சொந்தச் செல்களையே தாக்கும் எதிர்ப்பொருட்களைத் தேடும்) பரிசோதனையில் பாசிட்டிவ் ஆகியவை நீண்ட போக்குடன் தொடர்புடையவை. இவற்றில் சில உங்கள் மகளுக்குப் பொருந்துவதால் நாள்படும் வாய்ப்பு சராசரியைவிடச் சற்றுக் கூடுகிறது. ஆயினும் தனியொரு குழந்தைக்கு இன்ன மாதத்தில் குணமாகும் என்று சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை.

சிகிச்சை பற்றி: நெதர்லாந்தில் 200 குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருட்கள் அடங்கிய, நரம்புவழி ஏற்றும் மருந்து) பெற்றவர்களுக்கு எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது, கடும் ரத்தக்கசிவும் குறைந்தது, ஆனால் நாள்படுவது குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாக நிறுவப்படவில்லை. மருந்து ரத்தக்கசிவுக்காகவே தரப்படுகிறது, எண்ணிக்கைக்காக அன்று.

மறுமொழி 2

எங்கள் மகனுக்கு நாள்பட்டதாகவே ஆனது. ஒவ்வொரு சளிக்கும் எண்ணிக்கை சரிந்து, பிறகு தானே ஏறும். அறிக்கைத் தாளைப் பார்த்துப் பார்த்து நாங்கள்தான் சோர்ந்தோம், அவன் ஓடியாடிக்கொண்டிருந்தான். ஓராண்டு கடந்தபின் எதிர்பாராமல் இயல்புக்கு வந்தது. நாள்பட்டது என்றால் நிரந்தரம் என்று பொருளில்லை என்பதை எவராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஏஎன்ஏ பரிசோதனையை இப்போதே செய்ய வேண்டுமா?

மறுமொழி 3 (முதல் மறுமொழி அளித்த மருத்துவர்)

எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கத்திலேயே அது தேவையில்லை. நோய் நீடித்தாலோ, மூட்டுவலி, தொடர்காய்ச்சல், தோல்தடிப்பு போன்றவை சேர்ந்தாலோ, லூபஸ் (நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலின் பல உறுப்புகளையே தாக்கும் நோய்) போன்ற நோய் பின்னணியில் உள்ளதா என்று பார்க்கச் செய்வோம். வெள்ளணுக்களோ ஹீமோகுளோபினோ குறைந்தால், நோய் ஐடிபிதானா என்பதையே மறுபடி ஆராய வேண்டும். ஐடிபி குணமாகும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவு மிக அரிது. எனினும் தலையில் அடிபட்டாலோ, கடும் தலைவலியுடன் வாந்தி வந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.