‘சிறந்த மாணவர்கள்’ புத்தகத்தில் பெயர் வர பணம் கட்டலாமா?

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிற என் அக்கா மகளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நாட்டின் சிறந்த மாணவர்கள் பட்டியலுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தங்க நிறத்தில் முத்திரை, கீழே கையெழுத்து. மறுபக்கத்தில் விலைப்பட்டியல்: புகைப்படத்தோடு புத்தகம் ஒரு விலை, பதக்கம் சேர்த்தால் இன்னொரு விலை. யார் பரிந்துரைத்தார்கள், எந்த மதிப்பெண்ணைப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அத்தான் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை பிடித்தால் வேலை கிடையாது. ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடன் வாங்கியாவது கட்டுவோம் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1967 முதல் 2007 வரை பள்ளி மாணவர்களுக்கு இப்படி ஒரு பெயர்ப்புத்தகம் வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் அதில் பெயர் வந்த பிள்ளைகளின் குடும்பங்கள்தான். இங்கே பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்த்து 200-க்குக் கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட். இந்தச் சான்றிதழை எங்கே காட்டுவது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாருக்காவது இதே மாதிரி கடிதம் வந்ததா? பணம் கட்டியவர்களுக்குப் புத்தகம் கையில் கிடைத்ததா? பிள்ளையின் விலாசம் அவர்களுக்கு எப்படிப் போயிருக்கும், பள்ளியில் யாரிடம் கேட்கலாம்? ஆசிரியர்கள் இருந்தால், அவள் மனம் உடையாமல் இதை எப்படிச் சொல்வது என்றும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.