மறு: ‘லைவ் கேஸ்’ என்பதற்குத் தமிழ்: ‘உடன்காண் சிகிச்சை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இதயவியல் மாநாடுகளில், ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அதை அரங்கில் திரையிட்டுக் காட்டும் ‘லைவ் கேஸ்’ நிகழ்ச்சிக்குத் தமிழ்ச் சொல் கேட்டு நம் நண்பர் தொடங்கிய இழையில் நல்ல பரிந்துரைகள் பல வந்திருக்கின்றன. மருத்துவமனை ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குவது என் வேலை என்பதால் இந்தச் சொல் எனக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மாநாட்டு அரங்கு ஓரிடத்தில் இருக்கும். கேத் லேப், அதாவது இதயக் குழாய் சிகிச்சை செய்யும் அறை, வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும். அரங்கின் பெரிய திரையில் ஒரே நேரத்தில் பல படங்கள் ஓடும்: எக்ஸ்ரேயில் தெரியும் இதய ரத்தக்குழாய், குழாய்க்குள் செலுத்திய நுண்கருவி காட்டும் உட்சுவர், இசிஜி, ரத்த அழுத்தக் கோடுகள், மருத்துவரின் கைகள். மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். ‘கால்சியம் இவ்வளவு படிந்திருக்கிறதே, வெறும் பலூன் போதுமா?’ ‘கிளை பிரியும் இடத்தில் ஒரு ஸ்டென்டா, இரண்டா?’ சில மாநாடுகளில் அரங்கில் இருப்பவர்கள் கைப்பேசிச் செயலியில் வாக்களிக்கவும் செய்வார்கள். சிகிச்சை செய்பவர் வேலையைச் செய்துகொண்டே பதில் சொல்வார். இதயக் குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. ஆகவே மேஜையில் படுத்திருப்பவர் விழித்திருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் விழித்திருந்த நோயாளி ஒருவருக்கு முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தார். மறு ஆண்டே பல நாடுகளிலிருந்து மருத்துவர்களை அங்கே வரவழைத்து, கேத் லேபில் தாம் செய்வதை விரிவுரை அரங்கின் தொலைக்காட்சித் திரையில் அப்போதைக்கப்போதே பார்க்க வைத்தார். அதற்குக் காரணம் இருந்தது. எந்த அளவு பலூன், எவ்வளவு அழுத்தம், கம்பி வளைவில் நுழைய மறுத்தால் கையை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் கட்டுரையில் படித்து வருவதல்ல. சிக்கல் நேர்ந்தால் அவர் என்ன செய்கிறார் என்பதையும் வந்தவர்கள் பார்க்கவேண்டும் என்று அவர் நினைத்தார். பாரிஸில் ஆண்டுதோறும் மே மாதம் கூடும் யூரோபிசிஆர் மாநாடும் அமெரிக்காவின் டிசிடி மாநாடும் இந்த வழியில் வளர்ந்தவைதான்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> நேரலை அறுவை என்று சொல்லிவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். மணிக்கட்டிலோ தொடையிலோ ஊசி போட்டு, அதன் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்வது ஆஞ்சியோபிளாஸ்டி. மார்பைத் திறப்பதில்லை. ‘அறுவை’ என்று எழுதினால் படிக்கிற குடும்பம் பயந்துவிடும். இலங்கை நண்பர் முன்வைத்த ‘நேரடிச் சத்திரசிகிச்சை’க்கும் இதே தடைதான்.

> நேரடிச் செய்முறை விளக்கம்

அழைப்பிதழில் எடுப்பாகவே இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சிச் சமையலுக்கும் இதே பெயரைத்தான் வைக்கிறோம். விளக்கத்துக்காகச் செய்து காட்டும்போது பொருள் வீணானால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். இங்கே மேஜையில் இருப்பவர் தன் நோய் தீர வந்தவர். அவருக்கான சிகிச்சை நடக்கிறது, மற்றவர்கள் அதைப் பார்க்கிறார்கள். இந்த வரிசை சொல்லில் தலைகீழாகிவிடக் கூடாது.

இன்னொரு பரிந்துரையான ‘பாவனைச் சிகிச்சை’ வேறொன்றுக்கு உரியது. பொம்மையிலோ கணினிக் கருவியிலோ பழகுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் 1968இல் அமெரிக்க இதயச் சங்க மாநாட்டில் ‘ஹார்வி’ என்ற முழு உருவப் பொம்மையைக் காட்டினார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இதய ஒலிகள், முணுமுணுப்புகள் எல்லாம் அதில் நோய்க்கேற்ப மாறும். எத்தனை முறை தப்பாகச் செய்தாலும் ஹார்விக்கு ஒன்றும் ஆகாது. லைவ் கேஸ் அதற்கு நேர் எதிர்.

‘நேரலைச் சிகிச்சை’தான் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. சிக்கல் என்னவென்றால், காணொளி அழைப்பில் மருத்துவரிடம் காட்டி மருந்து எழுதி வாங்குவது இப்போது பரவலாகிவிட்டது. ‘நேரலைச் சிகிச்சை’ என்றால் மக்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

நான் முன்வைப்பது: உடன்காண் சிகிச்சை. நடக்கும்போதே கூடவே காணப்படும் சிகிச்சை. நேரமும் கூட்டமும் ‘உடன்’ என்ற ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. காண்பவர் அடையாக முன்னே நிற்க, சிகிச்சை தலைமைச் சொல்லாகப் பின்னே நிற்கிறது. ‘கேஸ்’ என்பதற்கு அகராதிகள் தரும் ‘நேர்வு’ இங்கே எனக்கு ஒப்பவில்லை. நேர்வு என்றால் ஆள் மறைந்துவிடுகிறார்.

‘உடன்’ என்றதும் ‘உடனே’ என்று படித்து, அவசர சிகிச்சை என்று எண்ணிவிடுவார்களே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். நியாயமான ஐயம். ஆனால் உடன்பிறந்தார், உடன்படிக்கை, அகப்பாடல்களின் உடன்போக்கு என்று, சொல்லின் முதலில் ‘உடன்’ வந்தால் ‘சேர்ந்து’ என்றே கேட்டுப் பழகியவர்கள் நாம். இடைவெளி விடாமல் ‘உடன்காண்’ என்று சேர்த்தே எழுதவேண்டும், அவ்வளவுதான். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது.

இதற்கு ஓர் இணைச்சொல்லும் தேவை. முன்கூட்டியே பதிவுசெய்து, தேவையற்ற காத்திருப்பை வெட்டி, அரங்கில் நேரலைபோலவே ஓடவிட்டு, முக்கியமான இடங்களில் நிறுத்தி விவாதிக்கும் முறை இப்போது பெருகிவருகிறது. யூரோபிசிஆரில் இதை ‘லைவ் இன் எ பாக்ஸ்’ என்பார்கள். ‘பெட்டிக்குள் நேரலை’ என்று பெயர்ப்பதில் பயனில்லை. ‘பதிவுச் சிகிச்சை’ என்றால் பெயர் பதிவதோடு குழம்பும். பின்காண் சிகிச்சை என்றால் உடன்காணுக்கு எதிர்ச்சொல்லாக அழகாக நிற்கும்.

இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கும் சொற்கள் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பின்காணில் சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். மருத்துவரின் கவனம் பேச்சில் சிதறவில்லை, மேடைக்கு நேரமாகிறது என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. உடன்காணில் இவையெல்லாம் உண்மையான ஆபத்துகள். அமெரிக்க, ஐரோப்பிய இதயவியல் அமைப்புகள் உட்படப் பல அமைப்புகள் சேர்ந்து 2010இல் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையே வெளியிட்டன. நோயாளியின் நலனே முதலில், முழு விவரம் சொல்லி ஒப்புதல் பெறவேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் நேரலை அறுவை சிகிச்சை ஒளிபரப்புகளை எதிர்த்து வந்த பொதுநல மனுவில் 2023இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

எனவே இந்தச் சொல்லை முதலில் படிக்கப்போகிறவர் மாநாட்டுக்கு வரும் மருத்துவர் அல்ல. அவருக்கு ‘லைவ் கேஸ்’ போதும். கையெழுத்துப் போடும் நோயாளிதான் முதல் வாசகர். ஒருமுறை ‘நேரடிச் செயல்விளக்கம்’ என்று அச்சிட்ட படிவத்தை ஓர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இதை யார் யாருக்கு விளக்கப் போறாங்க? எங்களுக்கா?” என்று கேட்டார். தன் கணவருக்கு நடப்பதை முன்பின் தெரியாத பல நூறு பேர் பார்க்கப்போகிறார்கள் என்பது அந்தச் சொல்லிலிருந்து அவருக்குத் தெரியவே இல்லை. ‘காண்’ என்ற வினை சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று நான் கேட்பது அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

‘சிகிச்சை’ வடசொல், ‘பண்டுவம்’ இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். உடன்காண் பண்டுவம் என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. படிவத்துக்கு மட்டும், எல்லா வீட்டிலும் புழங்கும் ‘சிகிச்சை’யே இருக்கட்டும்.

படிவத்துக்கான என் வரைவு இது:

“உங்களுக்குச் செய்யப்படும் இதயக் குழாய் சிகிச்சை, உடன்காண் சிகிச்சையாக நடைபெறும். அதாவது, அது நடக்கும்போதே மாநாட்டு அரங்கில் உள்ள மருத்துவர்கள் திரையில் அதைக் காண்பார்கள். செய்யும் மருத்துவரிடம் கேள்விகளும் கேட்பார்கள். உங்கள் பெயரும் முகமும் காட்டப்பட மாட்டா. இதற்கு நீங்கள் மறுக்கலாம். மறுத்தாலும் உங்களுக்குரிய சிகிச்சையில் எந்தக் குறையும் இராது. சிகிச்சையின் இடையில் தேவைப்பட்டால் ஒளிபரப்பு நிறுத்தப்படும்.”

இதை வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது படித்துக் காட்டி, எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று எழுதுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் ‘உடன்காண்’ அங்கே எப்படிக் கேட்கிறது என்றும் சொல்லவேண்டும். ‘பின்காண்’ பற்றி எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்லை. சிகிச்சைக்குப் பின் மருத்துவரைப் பார்க்க வருவது என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் இருக்கிறது. இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடலாம்.

அன்புடன்.